டாக்டர் எரிந்து விழுந்தால், ஆஸ்பத்திரி ஊழியர் அவமதித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பு சரியில்லாமல் போகிற இடத்தில் திட்டும் வாங்கிக்கொண்டு வருவது நம் ஊரில் பழகிப்போன விஷயமாகிவிட்டது. "டாக்டர்னா அப்படித்தான் இருப்பார்", "இவ்ளோ கூட்டத்துல அவங்க என்ன பண்ணுவாங்க" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பயந்துபோன நோயாளி பாதியை மறைத்துவிடுகிறார். கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே எழுந்து வந்துவிடுகிறார். கெட்டுப்போவது வைத்தியம். அதனால்தான் இந்தப் பக்கம். பதில்கள் எல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை.

டாக்டர் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறார். ஆனால் கைராசிக்காரர் என்று ஊரே சொல்கிறது. அவரிடமே போகலாமா, மாற்றிவிடலாமா?

சிடுசிடுப்பான எல்லா டாக்டரையும் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, கேட்ட கேள்விக்கு ஒற்றை வரியிலாவது பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எனக்கு என்ன நோய், இந்த மாத்திரை எதற்கு, எப்போது திரும்ப வர வேண்டும், என்ன ஆனால் உடனே ஓடி வர வேண்டும் என்பது வெளியே வரும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்திருந்தால் அவரோடு காலம் தள்ளலாம்.

அவரைப் பார்த்தாலே பயந்து உண்மையை மறைக்கிறீர்கள் என்றால் மாற்றிவிடுங்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் நாலு நாள் மாத்திரை போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். போன தடவை அதைச் சொன்னதற்கு எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. இந்தத் தடவை "ஒழுங்கா போடுறேன் டாக்டர்" என்கிறார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டுகிறார். வீட்டுக்கு வந்து, பயத்தில் முழு அளவையும் ஒழுங்காகப் போடத் தொடங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். வயதானவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. நாட்டு மருந்து, குடிப்பழக்கம், பாதியில் நிறுத்திய காசநோய் மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பயமில்லாமல் சொல்ல முடிகிற டாக்டர், பெயர் பெற்ற டாக்டரைவிட உங்களுக்கு நல்லது.

கேள்வி கேட்டாலே "டாக்டர் நானா நீயா" என்கிறார். எப்படித்தான் கேட்பது?

உலக நாடுகளில் முதல்நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தியாவுக்குக் கிடைத்த கணக்கு சுமார் 2 நிமிடம். ஸ்வீடனில் 20 நிமிடத்துக்கும் மேல். அந்த 2 நிமிடத்தில் உங்கள் கேள்விக்கு இடம் பிடிக்க வேண்டுமென்றால் தயாராகப் போக வேண்டும்.

ஓ.பி. சீட்டின் பின்பக்கம் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். உட்கார்ந்ததுமே, "டாக்டர், மூணு விஷயம் கேட்கணும், கடைசியில கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். எழுந்து கதவுவரை போய்விட்டுத் திரும்பிக் கேட்டால்தான் பெரும்பாலான டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரைச் சொல்லத் திணற வேண்டாம். அட்டையையே கையில் கொண்டுபோங்கள். "நெட்ல பார்த்தேன்", "பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்" என்று தொடங்காமல், "இந்த மாத்திரை எதுக்கு டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள்.

அப்படியும் கத்தினால், குரலை உயர்த்தாமல் ஒரு வாக்கியம்: "நீங்க சொல்றதை வீட்ல சரியா செய்யணும்னுதான் கேட்கிறேன் டாக்டர்." இதற்குப் பிறகும் கத்துகிறவர் உண்டு. ஆனால் பலர் சற்று இறங்கிவருவார்கள். மாத்திரை எப்போது, எப்படிச் சாப்பிடுவது என்பதை மருந்துக்கடையில் இருக்கும் ஃபார்மசிஸ்டிடமும் கேட்கலாம். அதைச் சொல்வது அவர் வேலைதான்.

எழுபது வயது அப்பாவை "யோவ் பெருசு, அங்க போய் நில்லு" என்கிறார் ஊழியர். நான் என்ன செய்வது?

அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். "அப்பாவுக்கு எழுபது வயசு சிஸ்டர், கொஞ்சம் மரியாதையா சொல்லுங்க." அவ்வளவு போதும். பேன்ட் சட்டையில் வருகிறவரை "சார்" என்றும், வேட்டியும் துண்டுமாக வருகிறவரை ஒருமையிலும் கூப்பிடுவது அரசு ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது, தனியாரிலும் நடக்கிறது. கூட இருக்கும் பிள்ளைகள் பேசாமல் இருந்தால் பெரியவர்கள் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கே வர மறுப்பார்கள். அப்பாவுக்காக ஒரு வார்த்தை பேசுவதால் வைத்தியம் ஒன்றும் கெட்டுவிடாது.

ரிசப்ஷனில் எல்லார் காதிலும் விழும்படி என் நோயைக் கேட்கிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். ஒரு மகளிர் கிளினிக்கில் நான் பார்த்தது: ஹாலில் ஆண்களும் பெண்களுமாக நிரம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் தலை நிமிராமலே, "என்ன பிரச்னை? வெள்ளைப்படுதலா? எத்தனை நாளா? நாத்தம் இருக்கா?" என்று அடுக்கினார். எதிரே நின்ற பெண் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ரிசப்ஷனில் சொன்ன பொய் கேஸ் ஷீட்டில் ஏறி, உள்ளே டாக்டர் முன்னாலும் போய் நிற்கும்.

"அதை டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன், பொதுவான செக்கப்னு எழுதிக்கோங்க" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவசரம் எது என்று பிரித்து அனுப்புவதற்காகக் கேட்கிறார்கள் என்றால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருக்கின்றன. அந்தரங்கம் காக்கப்படுவது அவற்றில் ஒன்று. 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இதைப் பின்பற்றச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. எச்.ஐ.வி. விஷயத்தில் இன்னும் கடுமை: 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மதமில்லாமல் அதை வெளியே சொல்வதும், அதைக் காரணம் காட்டி சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதும் தவறு.

டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன். தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விடுகிறார்கள்.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கைக்குழந்தைக்கு வலிப்பு என்று வந்தால் முதலில் விடுவதுதான் நியாயம். அப்படி எதுவும் தெரியவில்லை என்றால், "எனக்கு முன்னாடி இன்னும் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எண்ணைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். சொல்லிவிட்டால் அந்த எண்ணை மீறுவது அவர்களுக்குச் சங்கடமாகிவிடும். உங்கள் நிலைமை மோசமாகிறது என்றால் வரிசையைப் பார்க்காதீர்கள். எழுந்து போய் நர்ஸிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மகப்பேறு டாக்டரிடம் போனால் அறிவுரையும் நக்கலும்தான் கிடைக்கிறது.

இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். மாதவிடாய் தள்ளிப்போகிறது, நீர்க்கட்டி இருக்கிறது, வயிற்று வலி என்று போகிற பெண்ணிடம், "கல்யாணம் பண்ணிக்கோ, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அது வைத்தியமே இல்லை. "கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்விக்குப் பின்னால் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது உடலுறவு உண்டா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பதுதான். எந்த ஸ்கேன் எடுப்பது, எந்த மருந்தைத் தவிர்ப்பது என்று முடிவு செய்ய அது தேவை. அதனால் அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், அம்மா கூட இருந்தால் "கொஞ்சம் தனியா பேசணும் டாக்டர்" என்று கேளுங்கள். அதற்கு மேல் உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "டாக்டர், என் உடம்புக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்று நிறுத்தலாம்.

கர்ப்பமாக இருந்தால் பயமுறுத்தலுக்கு மசிய வேண்டாம். "புருஷன் கையெழுத்து வேணும்", "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா" என்று கேட்பார்கள். 18 வயது நிரம்பிய பெண்ணின் கருக்கலைப்புக்குச் சட்டம் கேட்பது அவளுடைய சம்மதத்தை மட்டுமே. 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம்வரை, விதிகளில் சொல்லப்பட்ட சில நிலைகளில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்த நிலைகளில் திருமணமாகாத பெண்களையும் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. உங்கள் பெயரை வெளியே சொல்வதும் குற்றம். அங்கீகாரம் பெற்ற இடத்துக்குத்தான் போங்கள். நல்லபடி பேசுகிறார்களே என்று நம்பி முறையற்ற இடத்தில் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து.

இன்னொன்று: ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது முன்பு சொன்ன நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள உரிமை. "சிஸ்டரைக் கூப்பிடுங்க டாக்டர்" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பிரசவ அறையில் திட்டினார்கள், தொடையில் அடித்தார்கள். இதற்கெல்லாம் புகார் கொடுக்க முடியுமா?

முடியும், கொடுக்கவும் வேண்டும். "படுக்கும்போது இனிச்சுதா" என்ற வார்த்தையைப் பிரசவ அறையில் கேட்ட பெண்கள் நம் குடும்பங்களிலேயே இருப்பார்கள். வலியில் கத்தினால் அதட்டல், காலை மடக்கினால் அடி. குழந்தை பிறந்த சந்தோஷத்தில் வீட்டார் அதைப் பேசவிடுவதில்லை. அடுத்த பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்றாலே அந்தப் பெண்ணுக்கு நடுக்கம் வருகிறது.

2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைகளில் தாய்க்கு மரியாதையான கவனிப்பு வேண்டும் என்பதையும் ஒரு நோக்கமாக வைத்திருக்கிறது. தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் உறவினர் இருக்கும் ஏற்பாடும் நெடுநாளாக உண்டு. அட்மிட் ஆகும்போதே, "கூட அம்மா இருப்பாங்க" என்று சொல்லிவிடுங்கள். வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை நீளுவது குறையும்.

அடித்தவரின் பெயர் தெரியாதே என்று விட்டுவிடாதீர்கள். தேதியும் நேரமும் போதும். அந்த ஷிஃப்டில் யார் டியூட்டி என்பது பதிவேட்டில் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்வரை பயமாக இருந்தால் வீட்டுக்கு வந்த பிறகு எழுதலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைக் குறிப்பிடுங்கள். வீட்டுக்கு வருகிற கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள். அவர் மூலமாகவும் விஷயம் மேலே போகும்.

ஃபைலைக் கேட்டால் "எதுக்கு? கேஸ் போடப் போறியா?" என்கிறார்கள்.

2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. அதன்படி நோயாளியோ அவர் அனுமதித்தவரோ சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்டு அலையாமல், ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் "வேற டாக்டர்கிட்ட ஒரு கருத்து கேட்கணும்" என்பதே போதும். அதுவும் உங்கள் உரிமைதான். மருந்தை எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும், ஸ்கேன் இங்கேதான் எடுக்க வேண்டும் என்று மிரட்டுவதும் சாசனத்துக்கு எதிரானது.

அரசு ஆஸ்பத்திரி என்றால் யாரிடம் புகார் சொல்வது?

முதலில் அங்கேயே. ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர், அவருக்கு மேல் கண்காணிப்பாளர், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீன். அன்றைக்கே தீர வேண்டிய விஷயத்துக்கு ஆர்.எம்.ஓ. அறைதான் சரியான இடம். வீல்சேர் தள்ள, பிறந்த குழந்தையைக் காட்ட என்று காசு கேட்டாலும் அங்கேதான். குழந்தையைப் பார்க்க ஒரு பைசாகூடக் கொடுக்க வேண்டியதில்லை.

அங்கே கதவு திறக்காவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் பேசலாம். மருத்துவ ஆலோசனையோடு சேவைக் குறைபாட்டுப் புகாரும் எடுத்துக்கொள்கிறார்கள். 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர்ப்பு சேவையின் எண் 1100. அடித்தார்கள், சாதியைச் சொல்லித் திட்டினார்கள், சிகிச்சை மறுத்தார்கள் என்ற அளவுக்குப் போனால் சென்னையிலுள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதலாம், நடந்து ஓர் ஆண்டுக்குள் எழுத வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால்?

முதலில் அதன் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ரிசப்ஷன், பில் கவுன்டர், செக்யூரிட்டி பற்றிய புகார்கள் பெரும்பாலும் அங்கேயே தீரும். அந்த இடங்களில் ஆளை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடக்கும் விதத்திலேயே கோளாறு என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர், பேச்சு வழக்கில் ஜே.டி. 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி கிளினிக்குகளைப் பதிவு செய்வது அவர் அலுவலகத்தின் வேலை.

டாக்டரின் நடத்தை பற்றி என்றால் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி, அதைக் குறிப்பிடுங்கள். நர்ஸ் பற்றியோ ரிசப்ஷன் பற்றியோ அங்கே எழுதிப் பயனில்லை, அவர்கள் டாக்டர்களை மட்டும்தான் விசாரிப்பார்கள். ஆறு மாதத்துக்குள் முடிவு என்று விதி சொல்கிறது. ஆனால் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

நுகர்வோர் ஆணையம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். காசு கட்டிப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்தது. நடந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் "கத்தினார்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம். அந்தக் கத்தலால் என்ன நடந்தது என்று காட்ட வேண்டும்: பரிசோதிக்காமல் அனுப்பினார், ஆவணம் தர மறுத்தார், சம்மதம் கேட்காமல் செய்தார் என்பது போல. வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பது நல்லது.

புகாரை எப்படி எழுதுவது?

அரைப் பக்கம் போதும். "மிகவும் கேவலமாக நடத்தினார்கள்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உதாரணமாக:

"14-ஆம் தேதி காலை 10.20 மணிக்கு, ஓ.பி. சீட்டு எண் இன்னது, என் தாயாரை எலும்பு மூட்டுப் பிரிவுக்கு அழைத்து வந்தேன். எக்ஸ்ரே எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்குப் பணியில் இருந்த டாக்டர், 'படிக்காத ஜனங்களோட இதே தொல்லை' என்று சொல்லிச் சீட்டைத் தரையில் வீசினார். முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. பக்கத்தில் இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள். என் தாயாரை வேறு டாக்டர் பரிசோதிக்க வேண்டும், இந்த நடத்தைக்கு விளக்கம் கேட்டு எனக்குத் தெரிவிக்க வேண்டும்."

அவர் சொன்ன வார்த்தையை அப்படியே போடுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலான புகார்களில் இந்த வரிதான் விட்டுப்போகிறது. வீட்டுக்கு வந்த அன்று இரவே குறித்து வைத்தால் நேரமும் வார்த்தையும் மறக்காது.

புகார் கொடுத்தால் அடுத்த முறை பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரா?

அவசரமில்லாத நேரத்தில் யாரைப் பார்ப்பது என்று தீர்மானிக்கத் தனியார் டாக்டருக்கு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சிகிச்சையை ஏற்றுக்கொண்ட பிறகு, போதிய அவகாசம் தராமல் பாதியில் கைவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் வருகிறவரை எந்த டாக்டரும், எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது. 1989-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இது. ஊரில் அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு டாக்டர்தான் என்றால் உங்கள் பயம் நியாயமானது. அப்போது சிகிச்சை முடிந்த பிறகு எழுதுங்கள், அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிய பிறகு எழுதுங்கள்.

கோபத்தில் வீடியோ எடுத்துவிட்டோம். கை கலப்பும் ஆகிவிட்டது.

கை கலப்பு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 2008-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டுவரை சிறை, ஜாமீனும் எளிதில் கிடைக்காது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தினார். அதை எந்த மனக்குறையும் நியாயப்படுத்தாது. இரவு முழுக்கத் தூங்காமல் நிற்கிற பயிற்சி டாக்டர்கள்மீது கை வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

வீடியோ எடுத்திருந்தால் அதைப் புகாரோடு சேருங்கள், வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். பின்னணியில் அரை உடையில் படுத்திருக்கும் இன்னொரு நோயாளிக்கும் அந்தரங்கம் உண்டு. கூகுளில் விமர்சனம் எழுதுவதானால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "போலி டாக்டர்", "கொலைகாரன்" என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு நீங்களே வழி விடுகிறீர்கள்.

டாக்டரை மாற்றிவிட்டேன். பழையவர் நடந்துகொண்டதைப் புதியவரிடம் சொல்ல வேண்டுமா?

திட்டியதைச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். "முன்ன பார்த்த இடத்துல கேட்க முடியல டாக்டர், அதனால கொஞ்சம் பயமா இருக்கு" என்று ஒரு வரி சொன்னால் நல்ல டாக்டர் புரிந்துகொண்டு பேசுவார். ஆனால் அந்தப் பயத்தால் நீங்கள் மறைத்தவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், எந்தப் பரிசோதனையை எடுக்காமல் விட்டீர்கள், இடையில் என்ன நாட்டு மருந்து சாப்பிட்டீர்கள். பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். இரண்டு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.